மாமா கேட்ட கேள்விகள்

12.3.2011, சனி

அக்காவையும் மாமாவையும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாமாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். மெதுவாக வளர்கிற வகை, ஆபரேஷன் இப்போது வேண்டாம், தவறாமல் சோதித்துக் கண்காணிப்போம் என்றார் டாக்டர்.

அக்கா அழுதுவிட்டாள். "கேன்சர உள்ள வெச்சிக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்கிறது?"

மாமா பதறவில்லை. எது மாறினால் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "சும்மா இல்லம்மா, காவல் இருக்கப் போறேன். ஜாஸ்தியாச்சுன்னா நானே வந்து படுத்துக்கிறேன்" என்றார். கடலூர் பஸ்ஸில் ஏறியதும் நிம்மதியாகத் தூங்கினார்.

என்ன மனுஷன்! நானோ என் ரத்தச் சோதனை முடிவு வந்த கவரைப் பயந்துகொண்டு இரண்டு வாரமாகப் பிரிக்காமலே வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போது பிரித்துப் படித்துவிட்டேன். காலையில் முதலில் மாமாவிடம்தான் காட்டி, டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.