பூ தூவப் போன விமானம்

20.3.1994, ஞாயிறு

எஞ்சின் பிடித்துவிட்டது.

வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சின். புதுப்பேட்டையில் துருப்பிடித்துக் கிடந்ததை வேம்புலிதான் கண்டுபிடித்தான். இத்தனை மாதமாகப் புரொப்பெல்லரைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். இன்று கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் புரொப்பெல்லரைத் தட்டினேன். படபடவென்று பிடித்துக்கொண்டு கொட்டகையில் இருந்த தவிடு, தூசு, காலண்டர் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. தாட்சாயிணி ஓடி வந்து, இது வீடா ஒர்க்‌ஷாப்பா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கம்பெனியில் நாள் முழுக்க யாரோ போட்ட டிராயிங்குக்குக் கடைசல் பிடிக்கிறோம். இந்த விமானம் ஒன்றுதான் நானும் வேம்புலியும் எங்களுக்காகப் போட்ட டிராயிங். கொட்டகை என்னுடையது. தரையில் நின்றே அதை ஓட்டுகிற ரேடியோ பெட்டி அவனுடையது, அவன் தங்கை புருஷன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மற்றதெல்லாம் பாதிப் பாதி.

3.4.1994, ஞாயிறு

பறந்தது!

ஒன்பதடி இறக்கை. தெர்மாகோலும் மெல்லிய பிளைவுட்டும் காக்கிக் காகிதமும். இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனோம். அங்கே வைத்தும் வேம்புலி விடவில்லை, எடை சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்கணும் என்றான். அவன் ஒரு இறக்கை நுனி, நான் ஒரு நுனி. விரலால் தாங்கித் தூக்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்கக் கூடாது. நேற்றுத்தானே கொட்டகையில் பார்த்தோம், மூக்கில் ஈயம்கூட வைத்தோமே என்று எரிந்து விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் பார்க்கணும் என்று அவன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பார்த்தோம்.

ஏரி முழுக்க மூன்று வட்டம். இறங்கும்போது தவளை மாதிரி குதித்து ஒரு சக்கரம் கழன்றது. வேம்புலி அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, “வண்டி நல்லா கீது மாமே, டிரைவர்தான் சரியில்ல” என்றான். சொல்லட்டும். இன்று யார் என்ன சொன்னாலும் சரி.

17.4.1994, ஞாயிறு

திருவேங்கடம் மச்சான் ஏரிக்கரைக்கு வந்து பார்த்தார். தாட்சாயிணியின் அண்ணன். எல்லையம்மன் கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். இத்தனை நாள் என்னைப் பிள்ளை விளையாட்டு விளையாடுகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வைகாசியில் கும்பாபிஷேகம். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது மேலிருந்து பூ தூவ முடியுமா என்று கேட்டார். பெரிய கோயில்களில் ஹெலிகாப்டர் வைக்கிறார்களாம்.

முடியும் என்றேன். வேம்புலியைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

5.6.1994, ஞாயிறு

இறக்கைக்குப் பின்னால், அடிப்பக்கம் ஒரு தகரப் பெட்டி. ரேடியோவில் ஒரு குச்சியைத் தள்ளினால் பெட்டியின் கதவு திறக்கும். நேற்றுக் கோயிலில் கழித்த மாலைகளை உதிர்த்து நிரப்பினோம். பின்னால் கனம் கூடுவதால் மூக்கில் இன்னும் கொஞ்சம் ஈயம். தூக்கிப் பார்த்தோம். மூக்கு தாழ்ந்தது.

ஏரிக்கு மேல் திறந்தேன். மஞ்சளும் சிவப்புமாகக் காற்றில் பரவி இறங்கியது. வேம்புலி கைதட்டினான். அவன் கைதட்டி நான் பார்த்ததில்லை. கும்பாபிஷேகத்தன்று குப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். என்னத்தைப் புருஷன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்கிறான் என்று அவளும் பார்க்கட்டுமாம்.

10.6.1994, வெள்ளி

சாயங்காலம் மச்சான் வந்தார். விமானத்தை முதலில் கோயிலுக்குள் கொண்டுபோய் அம்மன் முன்னால் வைத்துப் பூஜை போடணுமாம். பூவும் அங்கேயே ஏற்றணுமாம். நல்ல யோசனைதான் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு சொன்னார்:

“அந்த வேம்புலி வேணாம். காலனிக்காரங்க கரை மேல நின்னு பாக்கட்டும். பூஜை முடிஞ்சப்புறம் கும்புடுவாங்க, எப்பவும் நடக்கறதுதான்.”

விமானத்தில் பாதி அவனுடையது என்றேன். அதனால்தான் இப்போதே சொல்கிறேன் என்றார். தாட்சாயிணி அவருக்கு இன்னொரு காபி போட்டாள்.

11.6.1994, சனி

வேம்புலியிடம் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னேன்? கூட்டம் அதிகமாக இருக்கும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் நீ கரை மேல் நின்று ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்றேன். நானே கண்டுபிடித்த வேலை.

அவன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“சரி மாமே. துண்டு காட்றேன்.”

அவனுக்குப் புரியாமலா இருக்கும்?

12.6.1994, ஞாயிறு

குப்பம்மாவின் கை. வலது கை.

14.6.1994, செவ்வாய்

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஞாயிறு காலையிலேயே மச்சானின் ஆட்கள் விமானத்தைக் கோயிலுக்குள் தூக்கிப் போனார்கள். இறக்கைக்குச் சந்தனம், மூக்குக்குக் குங்குமம், எஞ்சின் மேல் ஒரு எலுமிச்சம்பழம். பூந்தமல்லி மார்க்கெட்டிலிருந்து பூ கூடை கூடையாக வந்திருந்தது. வெயிலில் வாடக் கூடாதென்று பெண்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்தார்கள். தாட்சாயிணியும் தெளித்தாள். பூ என்றால் தண்ணீர் தெளிக்காத கை ஏது? அவர்களுக்கு என்ன தெரியும். எங்களுக்குத்தான் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறு நாங்கள் ஓட்டிப் பார்த்தது காய்ந்த உதிரிப் பூவில். இது நனைந்து ஈரத் துணி மாதிரி கனத்துக் கிடந்தது. அதைத்தான் பெட்டியில் அமுக்கி அமுக்கி அடைத்திருந்தார்கள்.

ஏரிக்குக் கொண்டுவந்து வைத்ததும் வாலைத் தொட்டுத் தூக்கினேன். கனம் வித்தியாசமாகப் பட்டது. பட்டது, அது நிஜம். இறக்கையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நுனிக்கு ஆள் தேடினேன். பட்டு வேட்டியோடு மச்சான்தான் நின்றார். இந்த நுனியைப் பிடியுங்கள் என்றேன்.

“கலசத் தண்ணி கோபுரத்து மேல ஏறிடுச்சி மாப்ளே. இப்ப போயி இன்னாத்த எடை பாக்கறது?”

விட்டுவிட்டேன்.

தூரத்தில் கரை மேல் வேம்புலி துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்று மேற்கே இருந்து வந்தது. நான் சொன்ன வேலையை அவன் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தான்.

கிளம்பியதுமே மூக்கு தூக்கிக்கொண்டு போனது. குச்சியை முன்னால் தள்ளித் தள்ளிப் பிடித்து வைத்தேன். கோபுரத்துப் பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். விழவில்லை. ஈரப் பூ கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சரி, திருப்பி இறக்கிவிடலாம். கூட்டத்தின் மேல் திருப்பக் கூடாது என்பது நாங்கள் போட்டுக்கொண்ட சட்டம். கோயிலைச் சுற்றி ஜனம். அதனால் கரைப் பக்கம் திருப்பினேன்.

கரையிலும் ஜனம்தான். எனக்கு அது கூட்டமாகத் தெரியவில்லை. தெரியவே இல்லடா பாவி உனக்கு!

திரும்பும்போது மூக்கு வானத்தைப் பார்த்தது. குச்சியை முழுக்கத் தள்ளியும் தாழவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து கரை மேல் விழுந்தது. எஞ்சின் அணையவில்லை. வேம்புலி துண்டைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. கோயிலில் மேளமும் சங்கும் உச்சத்தில் இருந்தன. பாதிப் பேருக்கு அது விழுந்ததே தெரியவில்லை.

முகத்தில் விழாமல் இருக்க அவள் கையைத் தூக்கியிருக்கிறாள்.

16.6.1994, வியாழன்

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு வருஷம் வேம்புலியோடு பழகியிருக்கிறேன், குப்பம்மாவைக் கிட்டத்தில் பார்ப்பது இன்றுதான். முழங்கை வரை கட்டு. நரம்பு அறுந்திருக்கிறதாம், தைத்திருக்கிறார்களாம், விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள்.

என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “வந்துட்டாரா? நல்லா பாத்துட்டு போவச் சொல்லு” என்றாள்.

வேம்புலி என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தான். கீழே நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தபடி கேட்டான்:

“தூக்கிப் பாத்தியா மாமே?”

“பாத்தேன்.”

“யார் கூட?”

கையிலிருந்த பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். அவன் உள்ளே போய்விட்டான். வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

21.6.1994, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கிறது. இன்ஸ்பெக்டர் மச்சானைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். மச்சான் வீட்டுக்கு வந்து, நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“ஏரோப்ளேன் அந்தப் பையன்துன்னு சொல்லிட்டேன். ரேடியோவும் அவன்துதானே. அவன் உட்டான், அவன் பொண்டாட்டி மேல உழுந்துச்சி. நமக்கு இன்னா இருக்குது?”

ஓட்டியது நான், ஊரே பார்த்தது என்றேன். ஊர் எதைப் பார்த்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் போன பிறகு தாட்சாயிணி அழுதாள். கேஸ் என்று வந்தால் கம்பெனியில் வேலை போய்விடும், நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள் என்றாள். வேம்புலிக்கும் அதே கம்பெனிதானே, அதே வேலைதானே? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

22.6.1994, புதன்

போகவில்லை.

26.6.1994, ஞாயிறு

எஞ்சினைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று தூக்கினேன். குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பக் கொட்டகையிலேயே வைத்துவிட்டேன். என்னால் இதுகூட முடியவில்லை.

வேம்புலி வேலைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறானாம். காலை முழுக்க வெளியே நிற்க வைத்துவிட்டு, நாளைக்கு வா என்கிறார்களாம். கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

3.7.1994, ஞாயிறு

போனேன். யாரிடமும் சொல்லாமல், குமணன்சாவடிக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். விமானத்தை ஓட்டியது நான்தான், வேம்புலி கரை மேல் நின்றவன் என்று ரைட்டரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனதால் தடுமாறாமல் வந்தது.

அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

“அது முடிஞ்சிபோச்சு சார். கரையில வழுக்கி முள்கம்பி மேல உழுந்துட்டேன்னு அந்தம்மாவே முந்தாநாள் எழுதிக் குடுத்துட்டாங்க. ரேகை வெச்சிருக்காங்க பாருங்க.”

இடது கைப் பெருவிரல். குப்பம்மா எட்டாவது வரை படித்தவள். அழகாகக் கையெழுத்துப் போடுவாள் என்று வேம்புலி சொல்லியிருக்கிறான்.

பெண்டாட்டி விழுந்ததாக எழுதிக் கொடுத்தால் உன் மேல் கேஸ் இல்லை என்று அவனிடம் பேசி முடித்திருக்கிறார்கள். யார் பேசி முடித்திருப்பார்கள் என்று தெரியாதா எனக்கு.

வெளியே வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நிம்மதி. அதை நினைத்தால் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

4.7.1994, திங்கள்

வேம்புலி இன்று வேலைக்கு வந்தான். சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டேன். நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லத்தான் போனேன் என்றேன்.

சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“முடிஞ்சப்புறம் போயிருக்கே.”

அவ்வளவுதான். அவன் என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு அதில் என்ன லாபம், எனக்குத்தான் லாபம்.

9.7.1994, சனி

குப்பம்மாவைக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்களாம். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் அசைகிறதாம். சாப்பாட்டுக்கு இடது கையைப் பழக்கிக்கொள்கிறாளாம். இதெல்லாம் தாட்சாயிணி சொல்லித்தான் தெரியும். எங்கே கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவளும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

18.7.1994, திங்கள்

சூப்பர்வைசரிடம் கேட்டு வேம்புலி ஷிப்டை மாற்றிக்கொண்டுவிட்டான். இனி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே லேத். காலையில் அவன், மதியத்துக்கு மேல் நான். மாற்றிக்கொள்ளும்போது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

இன்று நான் போனபோது துடைத்து முடித்துவிட்டு, கைத்துணியை மடித்து லேத் மேல் வைத்தான். எனக்கு இடம் விட்டு இரண்டடி தள்ளி நின்றான். கேலி இல்லை, கோபம்கூட இல்லை, வேலை விஷயம் சொல்கிற குரல்தான்.

“டூல் புச்சா மாத்திகீறேன். ஜாப் பாதியில கீது, பாத்துக்கோங்க ஆண்டே.”

ஆண்டே. நிலத்துக்காரரான என் அப்பாவைக் களத்துமேட்டில் அவன் அப்பா கூப்பிட்ட சொல் அது. இவன் வாயிலிருந்து எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். நான் லேத்தை ஓட விட்டேன்.