நாலு பேருக்கு ஐந்து கோப்பை

1976 ஓகஸ்ட் 9, திங்கள்

குளிர். மேற்குக் காற்று. ஹரிஸ் பார்க் ஸ்டேஷனில் நின்றபோது காது இரண்டும் கழன்று விழும்போல் இருந்தது. கையுறை ஒன்று தொலைந்துவிட்டது, இடது.

செய்தவை: பால் எடுத்தது. பிஸ்கற் இரண்டு பெட்டி. பெரிய கேத்தல் கழுவியது. மூன்றாம் ஸ்ரூடியோவுக்கு ஜப்பான்காரர் வந்துவிட்டார்கள், அவர்களுக்குப் பச்சைத் தேயிலை தனிப் போத்தலில்.

பாட்டுக்காரப் பெண்கள், நாலு பேர். இருபது வயதுகூட இராது. தங்கள் நாட்டு ரிவிக்குப் பல்சுவை நிகழ்ச்சி: பாட்டு, பகிடி, விளையாட்டு எல்லாம் கலந்தது. தொடங்கி ஒரு வருடம் ஆகவில்லையாம். இரண்டு வாரம் சிட்னியில் வைத்து எடுக்கிறார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. உடுப்பின் நிறத்தைப் பெயராக வைத்துக்கொண்டேன்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.

காலையில் ஒரு அதிசயம். நாலு பேரும் மனேஜரோடு வரிசையாக வந்து ஸ்ரூடியோவில் உள்ள ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். கமராக்காரர், லைற்காரர், கூட்டுகிறவர். கடைசியில் தள்ளுவண்டியோடு நின்ற எனக்கும். இடுப்பிலிருந்து, முதுகு நேராக.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணக்கு ரீச்சர் நான். வகுப்புக்குள் போனால் முழுப்பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். இங்கே என் சான்றிதழ் செல்லாது, தேத்தண்ணி வண்டி தள்ளுகிறேன். கன்ரீனில் வேலை செய்யும் பெட்டி என்ற வெள்ளைக்காரி என்னை "லவ்" என்பாள், பால்காரனையும் அப்படித்தான் என்பாள். இதை யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன்: அந்த வணக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது.

மனேஜர் ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து தேத்தண்ணி. தனக்கும் சேர்த்து என்று நினைத்தேன். அவர் கோப்பி குடிக்கிறவர்.

ஓகஸ்ட் 10, செவ்வாய்

மழைத் தூறல். கையுறை கிடைக்கவில்லை.

இன்றும் ஐந்து. கவனித்தேன். நாலு கதிரையில் நாலு பெண்கள். பக்கத்தில் ஐந்தாவது கதிரை, அதன் முன்னால் ஐந்தாவது கோப்பை. யாரும் இருக்கவில்லை, யாரும் தொடவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கப் போனால் கோப்பை காலி. அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. துடைத்து வைத்ததுபோல.

லைற்காரரைக் கேட்டேன். "நான் இல்லை லவ், அந்தப் பச்சைத் தண்ணியை மனுசன் குடிப்பானா?" என்றார்.

வீட்டில் வதனியின் கடிதம். வதனி என் தங்கை, மெல்பேர்னில் இருக்கிறாள். இது மூன்றாவது. பிரிக்காமல் மற்ற இரண்டோடும் அரிசிப் பேணிக்குக் கீழ் வைத்தேன்.

இவர்: "உடைச்சுப் பாக்கமாட்டீரோ?"

நான்: "சாப்பிட வாங்கோ."

இவர்: "வதனியாக்கள் இருபதாம் திகதி கனடாவுக்குப் போகுதுகள். எனக்கு வேலை இடத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னவள். அதுக்குப் பிறகு நீர் நினைச்சாலும் ஏலாது."

கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிவிட்டது.

ஓகஸ்ட் 11, புதன்

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

மொழிபெயர்க்க வரும் கசுகோவைப் பிடித்துக் கேட்டேன். வெள்ளைக்காரனைக் கட்டி இருபது வருடமாக இங்கேயே இருக்கும் ஜப்பான் பெண். எங்கள் இருவருக்கும் இங்கிலிஷ் இரவல் உடுப்பு, அதனால் நன்றாக விளங்குகிறது. ஐந்து கோப்பை ஏன்? தங்கள் மொழியில் நாலு என்ற சொல்லுக்கும் சாவு என்ற சொல்லுக்கும் ஒரே ஓசையாம். நாலாக எதையும் வைக்கமாட்டார்களாம். கோப்பை வாங்கினாலும் ஐந்து ஐந்தாகத்தான் கடையில் விற்குமாம்.

நிம்மதி. நாங்களும் மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகமாட்டோமே.

ஆனால் குடித்தது யார் என்று கசுகோவைக் கேட்டேன். பையில் எதையோ தேடினாள்.

பின்னேரம் ஒத்திகை. கமரா காட்டுவதைச் சின்ன ரிவியில் பார்க்கலாம். பெண்கள் பாட்டு முடிந்து குனிந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன காலத்துப் பழக்கம், கண் தானாகவே தலைகளை எண்ணும். ஐந்து. திரும்பி மேடையைப் பார்த்தேன். நாலு. மறுபடி ரிவியைப் பார்ப்பதற்குள் நிமிர்ந்துவிட்டார்கள்.

கண்ணாடி மாற்ற வேண்டும். இவரிடம் சொல்ல.

ஓகஸ்ட் 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலையிடி.

விளிம்பு உடைந்த கோப்பையை வேண்டுமென்றே ஐந்தாவதாக வைத்து, வண்டியைத் துடைப்பதுபோல் அங்கேயே நின்றேன். கண் எடுக்கவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது, பிறகு பறக்கவில்லை. எட்டிப் பார்த்தேன், காலி. கோப்பை பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. பயந்தேன். பயந்தேன் என்றே எழுதுகிறேன்.

அதோடு இன்னொரு கூத்து. இந்த நிகழ்ச்சியில் "பணிவுப் பாடம்" என்று ஒரு பகுதி. விளையாட்டில் தோற்ற பெண்கள் யாராவது ஒரு தொழிலாளியிடம் போய்ப் பணிவு பழக வேண்டும். புதனன்று சப்பாத்துத் துடைத்தார்கள். வரும் செவ்வாய் தேத்தண்ணி. ஆசிரியை நான்! நான் கதிரையில் இருக்க, அவர்கள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து குனிய வேண்டும். நான் ஒரு வார்த்தை சொல்லும்வரை தலையை நிமிர்த்தக் கூடாது. என் பாஷையில் எதுவும் சொல்லலாமாம்.

பணிவுக்கு உதாரணம் தேடினார்களாம், அகப்பட்டவள் நான். இவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "உம்மட்டையோ பணிவு பழக வருகினம்?" தலையில் தட்டிவிட வேண்டியிருந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அரிசிப் பேணியைப் பார்த்தார். நான் குசினி லைற்றை நூர்த்து இருட்டாக்கினேன்.

ஓகஸ்ட் 15, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தது. காயவில்லை.

வதனியைப் பற்றி இந்தக் கொப்பியில் இதுவரை எழுதவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

போன வருடம் அப்பா செத்த தந்தி வதனிக்குத்தான் வந்தது. நான் அப்போது ஆஸ்பத்திரியில், வயிற்றுப் பிள்ளை கலைந்த கிழமை. அதிர்ச்சி கூடாது என்று டொக்ரர் சொன்னாராம். ஒன்பது நாள் மறைத்தாள். எனக்குத் தெரியும்போது எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. அப்பாவுக்காக ஒரு நேரம் பட்டினி கிடக்கவில்லை நான். அந்த ஒன்பது நாளும் ஆஸ்பத்திரியில் ஜெலி சாப்பிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டு இருந்தேன்.

இவருக்கும் தெரியும். இவரோடு ஒரு கிழமைதான் கோபம், ஒரே வீட்டில் வேறென்ன செய்வது. மிச்சம் முழுவதும் வதனிக்கு.

ஜனவரியில் ரயிலேறி வந்தாள். வாசலிலேயே என் காலில் விழுந்தாள். "அக்கா, ஒருக்கா எழும்பு எண்டு சொல்லுங்கோ." குனிந்த தலையில் வகிடு கோணல். சின்ன வயதில் அவளுக்கு நான்தான் சீப்பால் தலை இழுத்துவிடுவேன், ஒருநாளும் வகிடு நேராக வந்ததில்லை. கோணலாகவே பழகிவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவினேன். கழுவிய கோப்பைகளையே கழுவினேன். வெளியே வந்தபோது வாசலில் ஆள் இல்லை.

எழும்பு. நாலு எழுத்து, அதில் ஒன்று புள்ளி. ஏழு மாதமாக வாயில் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள்வேன், அதில் ஒரு பெருமையும் இருந்தது.

ஓகஸ்ட் 16, திங்கள்

காற்று, காற்று. வண்டிச் சில்லுக்கு எண்ணெய் விட்டேன்.

பணிவுப் பாடத்துக்கு நான் சம்மதம் என்றதும் கசுகோ என்னை உடுப்பு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"தெரியாமல் அந்தக் கதிரையில் இருக்காதீர்கள்" என்றாள். "தொடங்கும்போது இவர்கள் ஐந்து பேர்."

ஐந்தாவது பெண்தான் எல்லோருக்கும் இளையவள். நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் ஒருநாள் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டாள். நான் சொல்லும்வரை குனிந்து நில் என்று மனேஜர் சொன்னார். அந்த நேரம் அவருக்கு ரெலிபோன் வந்தது. போனவர் மறந்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இரண்டு மணித்தியாலம் அப்படியே நின்று விழுந்திருக்கிறாள். ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலம் சளிக்காய்ச்சலில் போய்விட்டாள். மனேஜர் அவளைப் பார்க்க ஊருக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நிமிர் என்ற வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை" என்றாள் கசுகோ. "இப்போது மனேஜர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். எல்லோரும் போன பிறகு, மேடைக்கு வந்து, அழுதுகொண்டு. அவர் சொன்னால் அவள் கேட்பதில்லை."

அப்போதுதான் நினைவு வந்தது, எல்லோரையும்விடத் தாழக் குனிகிறவர் அந்த மனேஜர்தான்.

பயமாக இருக்கிறது. சுகமில்லை என்று சொல்லி நாளைக்கு நின்றுவிடலாம். கன்ரீன் பெட்டியிடம் சொன்னால் போதும்.

 

ஓகஸ்ட் 17, செவ்வாய்

போனேன்.

நீலச் சேலை. முகத்துக்கு ஏதோ பூசினார்கள். பார்க்க வந்த சனம் அறுபது பேரளவில். கதிரையில் இருந்தேன், லைற் கண்ணைக் குத்தியது. எதிர்ச் சுவரில் பெரிய மணிக்கூடு.

சிவப்பு வந்தாள், மஞ்சள், நீலம், பச்சை. கோப்பைகளை என் முன் மேசையில் வைத்தார்கள். கடைசியாக மனேஜர் ஒரு கோப்பை. விளிம்பு உடைந்தது. பிறகு வரிசையாக நின்று குனிந்தார்கள்.

எண்ணினேன். ரிவியில் இல்லை, நேரே. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

 எப்படியோ "எழும்புங்கோ" என்றேன். நாலு பேர் நிமிர்ந்தார்கள். சனம் கைதட்டியது.

பச்சைக்குப் பக்கத்தில் ஒருத்தி இன்னும் குனிந்தபடி. உடுப்பு என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மெலிந்த பிடரி. முதுகு இலேசாக நடுங்கியது, அவ்வளவு நேரம் நின்ற முதுகு. தலையில் வகிடு தெரிந்தது. கோணல்.

கதிரையை விட்டு எழுந்தேன். அது திட்டத்தில் இல்லை, கமராக்காரர் கையைக் காட்டினார். நான் அவளுக்கு முன்னால் போய், அவளைவிடத் தாழ வேண்டுமென்று தோன்றி, முழங்காலில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில்கூட கோயிலைத் தவிர வேறெங்கும் முழங்கால் மடக்காதவள். முகம் பார்க்க வரவில்லை. அந்தத் தலையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"எழும்பு பிள்ளை, போதும்."

கன்னத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது, யாரோ பக்கத்தில் எழுந்ததுபோல. பிறகு எனக்கு முன்னால் வெறும் பலகைத் தரை. மணிக்கூட்டில் பதினொன்று பத்து.

சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது, இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று. பச்சை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மனேஜர் என் பக்கம் திரும்பிக் குனிந்தார், நிமிரவில்லை. அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்களும் எழும்புங்கோ."

கோப்பைகளை எடுக்கும்போது ஐந்தாவது நிரம்பியிருந்தது. சூடாகவும் இருந்தது. அதைக் கழுவுதொட்டியில் ஊற்ற மனம் வரவில்லை. வெளியே கொண்டுபோய்ப் புல்லில் ஊற்றினேன்.

அதே நாள், பின்னேரம் ஆறு மணி

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை. இவர் இன்னும் வரவில்லை. மெல்பேர்ன் நம்பரைச் சுழற்றினேன். மூன்றாம் இலக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி சுழற்றினேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மணி அடிக்கும்போதே மறந்துவிட்டது.

"ஹலோ?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அக்காவோ?" என்றாள் வதனி. அழுது தடித்த குரல். "அக்கா, இந்த முறை வைக்காதேங்கோ."

"எந்த முறை?"

"காலமை எடுத்தனீங்கள்தானே. பதினொண்டு பத்து இருக்கும். கனடா பெட்டிக்குச் சாமான் அடுக்கிக்கொண்டு குனிஞ்சபடி நிண்டனான். ஓடிவந்து எடுக்க ஒரு வசனம் சொல்லிப்போட்டு வைச்சிட்டியள்."

"என்ன சொன்னனான்?"

"எழும்பு பிள்ளை, போதும் எண்டு."

காலையில் இந்த வீடு பூட்டியிருந்தது. திறப்பு என் பையில், பை ஸ்ரூடியோவில். இவர் வேலையில். அதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

"ஓம்" என்றேன். "நான்தான்."