செங்கல் சுவரில் ஒரு தலையளவு கறை

வேலப்பன்சாவடிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் கணவன் முஸ்தகீமுக்குச் சீட்டு எழுத ஷம்ஷாத்துக்கு நேரமிருந்தது. ஹாலில் பூசாமல் விட்ட செங்கல் சுவரில் படிந்த கறுப்பு, அவளுடைய தாளிப்புப் புகையால் வந்ததாம். தன் அக்கா வரும் நாளில் மானம் போகிறது என்று நேற்று முஸ்தகீம் தீர்ப்பே சொல்லிவிட்டான். இன்று காலை அவள் கறையை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுதினாள்:

"கறைல உங்க கரிசலாங்கண்ணி எண்ணெ வாசம் அடிக்குது. அத ஊத்தி நான் தாளிக்கிறதில்ல. தெனம் அங்க தலைய சாச்சுகினு போன் பாக்குறது நானும் இல்ல.

சலவை சோடாவும் முகப்பவுடரும் குழைச்சு சிங்க் கிட்ட வெச்சிருக்கேன். கறைமேல அப்பி, காஞ்சதும் நார் பிரஷால தேய்ச்சு எடுங்க. வீடியோல பாத்தேன்னு ஆசிட் ஊத்தாதீங்க, கல்லு வெளுத்துடும்.

குஸ்கா ஹாட்பாக்ஸ்ல கீது. அதையும் நான்தான் தாளிச்சேன், முடிஞ்சா சாப்பிடுங்க."

பேனாவை மூடியவள், மறுபடி திறந்து அடியில் நெருக்கி எழுதினாள்:

"கறை போவலன்னா கவலப்படாதீங்க. அக்கா கிளம்புற வரைக்கும் வழக்கம்போல அங்கயே சாஞ்சு உக்காருங்க. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."