தொப்பிக்காரன் தெருவில் நடந்த சாயங்காலம்

சித்தப்பா,

இன்று காலை உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்ட அம்மா மைதாப் பசை காய்ச்சினாள். அந்த வாசம் முன்னறைக்கு வந்ததும், நீங்கள் அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, உங்களைவிட உயரமான ஒரு காகிதக் காதை ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். எட்டிப் பார்த்தேன். வெயில் மட்டும் தரையில் படுத்திருந்தது. கூரைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் மிங்கலாடோனில் அதற்கெல்லாம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த முன்னறைதான் உங்கள் வீடியோ கேம் கடை. இரண்டு பழைய டிவி, ஒரு பெஞ்சு. ஏழாம் வகுப்பில் டீச்சர் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தேன், பிறகு போகவே இல்லை. வீட்டில் எல்லாரும் காரணம் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. "கடையில வந்து உக்காரு பாப்பா. நேரம் முடிஞ்சா மேசையத் தட்டு, போதும்" என்றீர்கள். திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினேன். விளையாட வரும் பிள்ளைகளுக்கு அது புரிந்தது.

சீலையின் இடுக்கு வழியாக நான் கேமில் ஓடும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். உலகத்துக்கே தெரிந்தவனாம். எங்களுக்கு அவன் வெறும் தொப்பிக்காரன். கட்டைவிரல் அளவு உடம்பு, பச்சைத் தொப்பி, அதை மீறிக்கொண்டு நிற்கும் பெரிய காது. பள்ளங்களைத் தாண்டி வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். அவன் கடந்த இடம் திரையை விட்டுப் போய்விடும். "திரும்பி வரத் தெரியாத பய" என்பீர்கள் செல்லமாக.

பர்மியரின் தசாங்டைன் பௌர்ணமித் திருவிழாவுக்கு மற்ற ஊர்களில் காகித பலூனுக்குள் தீ மூட்டி வானத்தில் விடுவார்கள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அது கூடாது. புத்த மடத்துக்குக் காவித்துணி கொண்டுபோகும் ஊர்வலம் மட்டும்தான். அதை நடத்தும் எதிர்வீட்டு அம்மாள் டாவ் மியா, இந்தத் தெருவுக்கு ஒரு களையும் இல்லை என்று அந்த வருஷம் குறைபட்டுக்கொண்டார்.

"பறக்கத்தானே கூடாது டாவ் மியா. நடக்கலாமில்ல?" என்றீர்கள்.

வார்டு ஆபீசுக்குப் போய், தொப்பிக்காரன் உருவில் ஒரு பலூன் செய்து, நான்கு கயிற்றில் கட்டி நடத்திப்போவோம், ஒருபோதும் கையை விட்டுப் போகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அம்மா உங்களை வாசலிலேயே மறித்தாள்.

"அது ரன்வே பக்கம் போச்சுன்னா உங்களத் தூக்கிட்டுப் போயிருவாங்க தம்பி."

"அவன் காகிதம், நான் அவனவிட லேசு. தூக்குறது ஒண்ணும் சிரமமில்ல மதினி."

அம்மா சிரிக்கவில்லை.

நான்தான் அவனை வரைந்தேன். திரையில் அவனைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருந்தோம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று செய்து, நடுவில் ஒட்டிவிட்டோம். அடியில் கட்டிய தீவட்டியின் சூடு ஏறி, அவன் வீட்டுக்கூரைக்கு மேலே உப்பி எழுந்தபோது முகத்தில் இரண்டு மூக்கு இருந்தது.

டாவ் மியா முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். "இது எங்கய்யா பாக்குது?"

"போற இடத்தப் பாக்குறான். நம்மள ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கானா? பாக்காத மூஞ்சிய எப்படி ஒட்டுறது?"

தெருவே சிரித்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

ஊர்வலம் நகர்ந்தது. தொப்பிக்காரன் மாலை வெளிச்சத்தில், தூக்கத்தில் நடப்பவன் போல மெல்ல அசைந்து போனான். மேளம் வேகம் பிடித்தது. முன்கயிற்றைப் பிடித்திருந்த சைக்கா ரிக்‌ஷா ஓட்டும் கோ துன், தன்னை மறந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆடினார். கயிறு போயிற்று. தீவட்டி தொங்கிய மூங்கில் வளையம் சாய்ந்தது. மற்ற கயிறுகளைப் பிடித்திருந்த நீங்களும் இன்னும் இருவரும் இழுபட்டு நுனிக்காலில் நின்றீர்கள். காற்று அவனை இடது பக்கம், ரன்வேயை நோக்கித் தள்ளியது. உங்கள் முகத்தில் அப்போது விளையாட்டு இல்லை.

விட்டுப்போன கயிற்றின் நுனி காற்றில் நம் வாசல் பக்கம் வந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. எப்போது வெளியே வந்தேன் என்று தெரியாது. எட்டிப் பிடித்தேன். அவன் என்னையும் இழுத்தான்; குதிகால்கள் தரையை விட்டன. தட்டுவதற்கு அங்கே மேசை இல்லை.

"வலது பக்கம் இழுங்க!" என்று பர்மியத்தில் கத்தினேன். "அவன் வலது பக்கந்தான் போவான்!"

கேம் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிவந்து கயிறுகளில் தொங்கினார்கள். சிரித்துக்கொண்டே இழுத்தோம். மடத்துச் சுவரின் மறைவுக்கு வந்ததும் காற்று நின்றது. தீவட்டி எரிந்து தீர்ந்தது. சூடு ஆற ஆற அவன் மெதுவாக எங்கள்மேல் படுத்தான். காகிதத்துக்குள் எல்லாம் பச்சையாக இருந்தது. வெளியே மேளம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்டது. பச்சை முகத்தோடு நீங்கள் என் பக்கம் தவழ்ந்து வந்தீர்கள்.

"நல்ல குரலு. இத்தன நாளா எங்க பாப்பா வச்சிருந்த?"

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. டிவிகளும் போய்விட்டன. இப்போது நான் மாவ்பிச் சந்தையில் துணி விற்கிறேன். கூட்டத்தில் நின்று விலை சொல்லிக் கூவ வேண்டிய வேலை. வாயைத் திறப்பதற்கு முன் இன்றைக்கும் ஒரு நொடி குரல் வராது, சித்தப்பா. அப்போது, பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியாமல், என் குதிகால்கள் இரண்டும் தரையிலிருந்து லேசாக எழும்பும். பிறகு குரல் வந்துவிடுகிறது.