பதினொரு முறை திறந்த பயிற்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

வலது கை விரல்கள் இப்போதாவது மடங்குகின்றனவா? நான் சௌக்கியம்.

இணைய வகுப்புக்காக நான் செய்த பயிற்சியை இன்று சோதித்தார்கள். அரை நிமிடத்துக்குள் சொற்களை மவுஸால் இழுத்துப் படத்தில் சேர்க்க வேண்டும். சோதிக்கும் அக்கா, "கை சரியா வராதவங்களும் இதைச் செய்யணுமே. மவுசைத் தொடாம நீயே முடிச்சுக் காட்டு" என்றார். விசைப்பலகையில் எதைத் தட்டியும் ஒரு சொல்கூட நகரவில்லை. நாளைக்குள் மாற்றாவிட்டால் வேலை போய்விடும்.

பயிற்சியைத் திறந்தவர்களில் யார் யார் எங்கே திணறினார்கள் என்று கணினிப் பதிவில் பார்த்தேன். உங்களுக்கும் அனுப்பியிருந்தேன் அல்லவா? நீங்கள் பதினொரு முறை திறந்திருக்கிறீர்கள். முதல் கேள்வியையே தாண்டவில்லை. போனில் மட்டும், "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றீர்கள்.

உடனே உட்கார்ந்து மாற்றிவிட்டேன். இனி நேரக் கெடு இல்லை, இழுக்கவும் வேண்டாம். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். லிங்க் கீழே இருக்கிறது. இடது கையால் செய்து பார்த்து, எங்கே சிக்குகிறதென்று திட்டுங்கள். நீங்கள் திட்டியும் ரொம்ப நாளாயிற்று.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்