18342 யாருடையது?

மார்ச் 10, திங்கள்

மந்தைவெளியிலிருந்து பெருங்குடி வர ஒன்றேகால் மணி நேரம். பையைக்கூட இறக்கவில்லை, சர்வரைக் கவனிக்கும் வேலு ஓடிவந்தான். ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் எங்கள் புரோகிராம் காலை ஏழு மணியிலிருந்து அசையவில்லையாம். சாகவுமில்லை, ஓடவுமில்லை.

"யாரோ தப்பு தேடுற டிபக்கரை மாட்டி வச்சிருக்காங்க மேடம். அதுதான் புடிச்சு நிறுத்தியிருக்கு. சர்வர் லிஸ்ட்ல அதோட நம்பர் 18342."

டீம் முழுக்க ஒரே லாகின். யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? எடுத்த எடுப்பில் எங்கள் டீம் பையன் விக்கி பெயரைச் சொன்னேன். ஓடுகிற சர்வரில் ஜிடிபி என்கிற டிபக்கரை மாட்டிப் பார்க்கிற துணிச்சல் அவனுக்குத்தான் உண்டு. எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது.

"இன்னா மேடம், நான் கையே வைக்கல" என்றான்.

இன்னாவாம். அவன் குடியிருக்கும் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டை ஆபீசுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். "முதல்ல பேசக் கத்துக்க, அப்புறம் சர்வரைத் தொடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காது சிவந்துபோய் நின்றான். நன்றாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மார்ச் 11

மேனேஜர் நெடுஞ்செழியன் சார் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொதிக்கிறார்களாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும் மணிமொழி. அந்த ஆள் வெளிய போயாகணும்."

மதியம் விக்கி என் சீட்டுக்கே வந்துவிட்டான். "மேடம், 18342 இன்னா டிபக்கர்னு மட்டும் பாருங்க. ஜிடிபியைத் தவிர நான் வேற எதையும் தொட்டதில்ல. ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால சர்வர்ல ஓடினதையெல்லாம் வேலு லிஸ்ட் எடுத்து வச்சிருக்காரு. நீங்க பாத்தா போதும்."

கெஞ்சும்போதும் ஒரு திமிர். பார்க்கலாம், போ என்றேன்.

மார்ச் 12

பார்த்தேன்.

18342 — எல்எல்டிபி என்கிற வேறொரு டிபக்கர். ஜிடிபி இல்லை.

எங்கள் ஆபீசில் எல்எல்டிபி வைத்துக்கொண்டு வேலை செய்வது ஒருத்திதான். நான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து மாட்டினேன். ஒரு பழைய பக். இந்த வரி வந்தால் நில் என்று சொல்லி வைத்தேன். அது வரவேயில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போனேன். கழற்றினேனா? கழற்றலையே! ஐயோ, கழற்றவே இல்லையே! அந்த வரி திங்கள் காலை ஏழு மணிக்கு வந்திருக்கிறது. இணைப்பு போனாலும் சர்வரில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? பதினாறு வருஷ சர்வீஸ்டி. மூதேவி, மூதேவி.

மார்ச் 13

"அந்த லிஸ்ட் இனிமே எதுக்கு? அழிச்சிடு" என்றேன் வேலுவிடம். அழித்துவிட்டான். திறந்தே பார்த்திருக்க மாட்டான், அவ்வளவு சோம்பேறி. வாழ்க சோம்பேறித்தனம்.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் அறை. நான், அவர், விக்கி.

"லிஸ்டைப் பாத்தீங்களா மேடம்?" என்றான்.

"பாத்தேன். ஜிடிபிதான்."

குரல் நடுங்கவேயில்லை. கத்துவான், பொய் என்பான் என்று எதிர்பார்த்து அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் மெதுவாகத் தலையாட்டினான்.

"நீங்களே பாத்தீங்கன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். எப்பவோ மாட்டிட்டு நான்தான் மறந்துட்டேன் போல. சாரி."

சாரியாம்! பாவி, சண்டையாவது போட்டிருக்கலாம். நாலு மணிக்கு ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்ச் 19

நன்றாகத் தூங்குகிறேன். பசிக்கிறது. எனக்கே என்னைப் பார்த்தால் என்னவோபோல் இருக்கிறது.

ஏப்ரல் 3

ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ சின்னக் கம்பெனி. ஒரு பெண் போன் செய்தாள். விக்கி அங்கே வேலை கேட்டிருக்கிறான். தன்னைப் பற்றி விசாரிக்க என் நம்பரைக் கொடுத்திருக்கிறான், மேனேஜர் நம்பரை அல்ல. "உங்களைக் கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்வீங்கன்னு சொன்னாரு மேடம். சர்வரை நிறுத்தினது தன்னோட தப்புதான்னு இன்டர்வியூல அவரே ஒத்துக்கிட்டாரு. எங்களுக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். திரும்ப வந்தா நீங்க வேலைக்கு எடுப்பீங்களா?"

வருத்தப்படுகிற குரலில், "மாட்டோம்மா" என்றேன்.

தேங்க்ஸ் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.