ஒரு ஸ்பூன் உப்பும் எட்டு நிமிடமும்

ஃபார்மசி ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

எனக்குக் கோபமாக இருக்கிறது. யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன். கல்லறைக்கு வந்து நேரில் சொல்லலாம்தான். ஆனால் பெரிய முதலியார்சாவடிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் பாதி ஆறிவிடும். இந்தத் தடவை ஆறக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கான்ஃபரன்ஸ் நடந்தது. வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு டியூப் வழியாகவும் நரம்பு வழியாகவும் கொடுக்கிற சத்துக்கு அளவு போடுகிற ஃபார்மசிஸ்டுகள் எல்லாரும் கூடுகிற கூட்டம். அதில் ஒரு செஷன் உன்னுடையது. வீட்டில் டியூப் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களை அழைத்து வந்து மேடையில் பேச வைப்பாய். போன இரண்டு வருஷமும் நான் கீழே உட்கார்ந்து உனக்கு ஒத்தாசை செய்தேன். யாருக்குப் போன் போட வேண்டும், யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் எல்லாம் என் நோட்டில்தான் இருக்கும். "இந்த வருஷம் உங்க முறைக்கா" என்று சொல்லியிருந்தாய். ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலே நாளில் போய்விட்டாய்.

செயலாளர் போன் செய்தார். "அம்மா, ஸ்டெல்லா மேடம் நெனவா அந்த செஷன வெச்சிருக்கோம். நீங்க எட்டு நிமிஷம் பேசறீங்க."

"உப்பு பத்திதானே சார்?"

"மனசுல இருக்கறத பேசுங்கம்மா, அது போதும்."

என் மனதில் இருந்தது உப்புதான். உனக்குத் தெரிந்த கதை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

என் வீட்டுக்காரர், உனக்கு மாமா, பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் மூக்கில் டியூபோடு வீட்டுக்கு வந்தார். ரத்தத்தில் உப்பு குறைகிறது, தினமும் கஞ்சியில் ஒரு ஸ்பூன் உப்பு கூடுதலாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேளையும் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுப்பேன். கஞ்சி எத்தனை மில்லி, தண்ணீர் எத்தனை, எத்தனை மணிக்கு, உப்பு ஒரு ஸ்பூன். ஒன்று விடாமல் நோட்டில் எழுதினேன். பத்தாம் நாள் காலையில் அவர் என்னை உற்றுப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றார்.

திரும்பவும் ஆஸ்பத்திரி. டெஸ்டில் உப்பு இன்னும் இறங்கியிருந்தது. "ஒழுங்கா குடுத்தா ஏம்மா எறங்குது?" என்று வார்டில் எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அப்போது என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தவள் நீ ஒருத்திதான்.

"ஒரு நாள்கூட உடலியேக்கா. எந்த உப்பு போடறீங்க?"

"எந்த உப்பா? எங்க உப்பளத்து உப்புதான். மரக்காணத்துல இருந்துகிட்டு எவ பாக்கெட் உப்பு வாங்குவா?"

ஒரு பிடி எடுத்து வரச் சொன்னாய். ஒரே ஸ்பூனில் தூள் உப்பைத் தலைதட்டி ஃபார்மசித் தராசில் வைத்தாய். பிறகு எங்கள் கல்லுப்பை வைத்தாய். மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தது. ஸ்பூன் நிறைந்துதான் இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று. "தப்பு உங்க மேல இல்லக்கா. ஸ்பூன்னு எழுதனவங்க எந்த உப்புன்னு எழுதல" என்றாய். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இதைத்தான் மேடையில் சொல்ல என்னைப் பழக்கினாய். ஃபார்மசியில் கூட்டம் குறைந்ததும் எதிரில் நிற்க வைத்துப் பேசச் சொல்லுவாய். "வணக்கத்துக்கே ரெண்டு நிமிஷம் போச்சு. வந்திருக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா வெப்பீங்களா?" என்று சிரிப்பாய். எனக்கு இங்கிலீஷ் வராதே என்றால், "உப்புக்கு எதுக்குக்கா இங்கிலீஷ்?" என்பாய். இரண்டு உப்பையும் எதிரில் நிறுத்துக் காட்டிவிட்டால் போதும், பேச்சே தேவையில்லை என்றும் சொன்னாய்.

அதனால் இரண்டு பொட்டலம், ஒரு ஸ்பூன், கைக்கு அடக்கமான ஒரு தராசு எடுத்துக்கொண்டு போனேன். எனக்குக் கொடுத்த எட்டு நிமிடம் எப்படிப் போனது என்று கேள். என்னை அறிமுகம் செய்ய இரண்டு நிமிடம். பொன்னாடைக்கு ஒன்று. உன் செஷனில் பொன்னாடைக்கு எப்போதாவது இடம் கொடுத்திருக்கிறாயா? படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் போர்த்தினார்கள், அதற்கு இன்னொன்று. மைக்கைக் கையில் கொடுக்கும்போது செயலாளர் காதருகே குனிந்து, "மேடத்தோட நல்ல குணத்த பத்தி சொல்லிடுங்கம்மா. அவங்க அம்மா வந்திருக்காங்க" என்றார்.

முன் வரிசையில் உன் அம்மா, கையில் கைக்குட்டையோடு. பெற்றவள் எதிரில் உட்கார்ந்திருக்க, உன்னைப் பற்றிப் பேசாமல் தராசை எடுத்து வைப்பது எப்படி? உன் பொறுமையைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன். சரி, இப்போது உப்புக்கு வருவோம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

நான் நிறுத்திவிட்டேன், ஸ்டெல்லா. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே நன்றி சொல்லிவிட்டு, பொட்டலத்தை மடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு அடுத்து, டியூபில் கரைத்துக் கொடுக்கிற டப்பா மாவுக் கம்பெனிக்காரர் ஒருவர் பேசினார். அவருக்கும் அதே மணி அடித்தது. காதில் விழாதவர் மாதிரி, இன்னும் எத்தனையோ படம் திரையில் காட்டிவிட்டுத்தான் இறங்கினார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு ஃபார்மசிஸ்ட் நின்றார். சொந்த ஊர் கிளியனூர் பக்கமாம். "மேடையில ஏதோ பொட்டலம் பிரிச்சீங்களே, என்னம்மா அது?" என்று கேட்டார்.

"உப்பு சார்."

"கான்ஃபரன்ஸ் சாப்பாட்டுல உப்பு இருக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சி எடுத்தாந்துட்டீங்களா?"

சிரித்தேன். பிறகு முழுவதையும் சொன்னேன். தட்டில் கரண்டியை வைத்துவிட்டு நின்றார். "நாங்களும் ஸ்பூன்னுதாம்மா எழுதித் தர்றோம். எந்த உப்புன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல" என்றார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் விஷயம் போய்ச் சேர்ந்தது அந்த ஒருவருக்கு. மற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டோடு எத்தனை பேர் அளத்து ஊர்களுக்குத் திரும்புவார்கள்? எந்த வீட்டில் எந்தப் பொம்பளை, ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்?

கிளம்புகிற நேரத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, உப்பு பத்தி பேசுவீங்கன்னு பாத்தேனே. அக்கா இந்த வருஷம் பேசப் போறாங்கன்னு வீட்டுல சொல்லிகினே இருந்தா. அத கேக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

உங்களுக்காகத்தான் அதை விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். டியூபை எடுத்த பிறகு அவர் வாய்க்கு ஓய்வே இல்லை. "என்னா, உப்ப வித்துட்டு வந்துட்டியா?"

"எங்க? மணி அடிச்சிட்டாங்க, எறங்கிட்டேன்."

"எங்கிட்ட மட்டும் எந்த மணி அடிச்சாலும் நிறுத்த மாட்ட" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் செயலாளருக்குப் போன் போட்டேன். "அடுத்த வருஷம் நெனவுக்குன்னு இல்லாம, செஷனாவே வைங்க சார்."

"இருக்குமான்னே தெரியலம்மா. எடுத்து நடத்த ஆள் இல்ல. யாராச்சும் ஃபாரம் போட்டா கமிட்டி பாக்கும்."

"யாரு வேணா போடலாமா?"

"போடக் கூடாதுன்னு ரூல் ஒண்ணும் இல்ல" என்றார்.

கீழ்புத்துப்பட்டுக்குப் போய் அய்யனாரைக் கும்பிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக அவரிடம் உன் மாமாவின் உடம்பைத்தான் கேட்டிருக்கிறேன். முதல் தடவையாக எனக்கென்று தைரியம் கேட்டேன். வந்து உட்கார்ந்து, நீ என்னிடம் விட்டுப்போன ஃபைலில் இருந்த ஃபாரத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடத்துபவர் என்ற இடத்தில் என் பெயர். பேசுபவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் வீட்டில் டியூப் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள். படிப்பு என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்றே எழுதினேன். அனுபவம்: டியூபில் தினம் ஆறு வேளை, ஒரு வருஷம் நாலு மாதம். கேட்பவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. 'எந்த உப்பு என்று கேட்பதை' என்று எழுதினேன். இன்று காலை தபாலில் சேர்த்தாயிற்று.

தள்ளிவிட்டாலும் விடுவார்கள். தள்ளினால் அதற்கு அடுத்த வருஷமும் போடுவேன். எடுத்துக்கொண்டால், உன் அம்மாவை நானே போய்க் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைப்பேன். முதலில் தராசு, அப்புறம்தான் வணக்கம். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அவர்கள் மணியை அடித்துக்கொண்டே இருக்கட்டும், இரண்டாவது உப்பையும் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

மரக்காணத்திலிருந்து,
நீ அக்கா என்று கூப்பிட்டதால் அக்காவானவள்,
வேதவல்லி